புதுப்பிப்பு: கியோட்டோ வீட்டில் சாப்பாட்டுப் பிரச்சினை தீர்ந்தது

கியோட்டோவில் படிக்க வந்து ஒரு ஜப்பானியக் குடும்பத்தோடு தங்கியிருக்கிறேன், மீன் சாப்பிட மாட்டேன், ஆனால் இங்கே பெரும்பாலான சமையலுக்கு அடிப்படையான தாஷிச் சாறே காய்ந்த மீன் சீவலில்தான் செய்கிறார்கள், இதை எப்படிச் சொல்வது என்று அக்டோபரில் கேட்டிருந்தேன். தயங்காமல் சொல்லிவிடு என்றீர்கள். சொல்லிவிட்டேன்.

வீட்டம்மா கோபப்படவே இல்லை. நான் ஒகாசான், அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுகிறேன். அன்று இரவே கொம்பு என்கிற கடற்பாசியையும் காய்ந்த ஷீதாக்கே காளானையும் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அந்தச் சாற்றில் மிசோ என்கிற சோயா விழுதைக் கரைத்து சூப் வைத்துக் கொடுத்தார். புத்த மடங்களின் ஷோஜின் சமையலில் இதுதான் வழக்கமாம். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்கு எனக்குத்தான் வருத்தமாகிவிட்டது.

குளியல் தொட்டி பற்றியும் கேட்டிருந்தேன். வெளியே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டுதான் உள்ளே இறங்க வேண்டும், எல்லோருக்கும் அதே வெந்நீர்தான், பழகிவிட்டது.

அப்புறம் புத்தாண்டு. டிசம்பர் 31 இரவு சோபா நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, கோயில் மணி 108 முறை ஒலிப்பதைக் குளிரில் நின்று கேட்டோம். காலையில் ஓசோனி என்கிற புத்தாண்டு சூப்: கியோட்டோ வழக்கப்படி வெள்ளை மிசோவில், பசை அரிசியை இடித்துச் செய்யும் உருண்டை மோச்சி, எனக்காகக் கொம்புச் சாற்றில்.

பொங்கலுக்கு நான் சமைத்தேன். ஜப்பான் அரிசி தானாகவே நன்றாகக் குழைகிறது, வெல்லத்துக்குப் பதில் ஒகினாவாவின் கருப்புச் சர்க்கரை. ஒகாசான் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.