மறு: மேட் பீவர் – தமிழில் என்ன சொல்லலாம்?

> கனடாவில் ஹட்சன் விரிகுடா நிறுவனம் கிரீ பழங்குடி மக்களிடம் செய்த தோல் வணிகம் பற்றிய கட்டுரையில், மேட் பீவர் (made beaver) என்ற அவர்களின் மதிப்பு அலகுக்கு 'நீர்நாய் நாணயம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

நண்பருக்கு,

இரண்டு சொல்லுமே இடறுகின்றன. நீர்நாய் நம் காவிரியிலேயே இருக்கிறது, மீன் தின்னும். பீவர் மரத்தை அறுத்து அணை கட்டுகிற கொறிக்கும் விலங்கு. நிறுவனம் இரண்டின் தோலையும் வாங்கியது என்பதால், பெயரைக் குழப்பினால் விலைப்பட்டியலே தப்பாகிவிடும். கிரீ மொழியில் பீவருக்கு அமிஸ்க் என்று பெயர். நமக்குப் பீவரே போதும்.

அப்புறம், நாணயம். நிறுவனம் 1670-இல் தொடங்கியது. மேட் பீவர் மதிப்பில் பித்தளை வில்லைகள் வந்ததோ 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். அதுவரை அது வெறும் கணக்கு. வளர்ந்த பீவரின் தரமான தோல், கொழுப்பைச் சுரண்டி, விரித்துக் கட்டிக் காயவைத்தது: அப்படி ஒரு தோல்தான் ஓர் அலகு. மற்ற விலங்குகளின் தோலும், கம்பளியும், வெடிமருந்தும் எல்லாம் அந்த அலகில்தான் பேரேட்டில் ஏறின. 18-ஆம் நூற்றாண்டில் நிறுவனத்தின் வணிக நிலையமான யார்க் ஃபாக்டரியில் ஒரு துப்பாக்கி 14 மேட் பீவர். (துப்பாக்கி உயரத்துக்குத் தோலை அடுக்கச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது கட்டுக்கதை, எடுத்துவிடுங்கள்.)

ஆகவே என் பரிந்துரை 'கணக்குத்தோல்'. வராகன் என்றால் பன்றி நினைவா வருகிறது? பழகினால் இதுவும் அப்படித்தான்.

இன்னொரு சொல்லும் வேண்டும். கிரீ பெண்கள் பீவர் தோல்களைச் சேர்த்துத் தைத்துப் போர்வை ஆக்குவார்கள். மயிர்ப்பக்கம் உடம்பை ஒட்டி இருக்கும். ஓரிரு குளிர்காலம் உடுத்தியதும் நீண்ட முரட்டு மயிர் உதிர்ந்து, உடம்பின் எண்ணெய் ஊறிய அடிமயிர் மட்டும் மிஞ்சும். ஐரோப்பியத் தொப்பிக்காரர்களுக்கு வேண்டியது அதுதான். உடுத்திக் கழித்ததற்குக் கிராக்கி! இதை 'உடுதோல்' என்போம், உடுதுணி மாதிரி. உடுத்தாமல் காயவைத்தது 'உலர்தோல்'.

—

ஐயா,

உடுதோல் அருமை, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கணக்குத்தோலில்தான் ஒரு நெருடல். மேட், அதாவது ஆக்கிய, என்ற சொல்லில் சுரண்டி உலர்த்திய உழைப்பு இருக்கிறது, அதில் பெரும்பங்கு பெண்களுடையது. 'ஆக்குதோல்' கூடாதா?

—

நண்பருக்கு,

நியாயமான கேள்வி. ஆனால் அந்த அலகில் எண்ணப்பட்டதெல்லாம் பீவர் தோல் இல்லையே. 14 ஆக்குதோல் என்று படிப்பவர் நிஜமாகவே பதினான்கு தோலைக் கற்பனை செய்வார். உழைப்பை உடுதோல் பத்தியில் விரிவாக எழுதுங்கள், அங்கே இடம் இருக்கிறது. கூடவே, வணிகர்கள் வெடிமருந்தையும் துணியையும் குறைத்து அளந்து லாபம் பார்த்ததையும் சேருங்கள். கிரீ தலைவர்களுக்கு அது தெரியும். வணிகம் தொடங்குமுன் ஆற்றும் உரையிலேயே முழு அளவு கொடு என்று கேட்டுவிடுவார்கள்.

அட்டவணையில் 'க.தோ.' என்று சுருக்கலாம். அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை சரிபாருங்கள்: அந்தப் பித்தளை வில்லைகளில் மேட் பீவரைக் குறிக்க எம்.பி. என்று வரவேண்டிய இடத்தில் என்.பி. என்று வெட்டிவிட்டார்கள்.