காலை நாலரை மணி, நெஞ்சின் மேல் நாலு கிலோ

அலாரம் வைப்பதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. நாலரை ஆனால் என் பூனை பஞ்சு நெஞ்சின் மேல் ஏறிவிடுவாள். முதலில் முன்னங்கால்களால் மாவு பிசைவது மாதிரி பிசைவாள், அதற்கும் எழவில்லை என்றால் மூக்கில் ஒரு தட்டு, நகம் வெளியே வராது, ஆனால் அடுத்த தட்டில் வரும் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அவள் கணக்கிலேயே இல்லை.

இத்தனைக்கும் பகல் முழுக்கத் தூக்கம்தான். வளர்ந்த பூனை ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரம் தூங்கும், அதுவும் ஒரே மூச்சாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக. கோழித் தூக்கம் என்கிறோம், அந்தப் பெயர் பூனைக்குத்தான் பொருந்தும், கண் மூடியிருக்கும், காது மட்டும் சத்தம் வரும் பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருக்கும். பூனை ராத்திரிப் பிராணி என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம், அதற்குச் சுறுசுறுப்பு கூடுவது விடியலிலும் அந்தியிலும்தான். அப்படிப் பார்த்தால் நாலரை என்பது அவளுக்கு நியாயமான நேரம்தான்.

ஆனால் அந்த நேரத்தில் நான் எழுந்தாக வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நானேதான். குட்டியாக வந்த புதிதில் கத்தல் தாங்காமல் எழுந்து, கிண்ணத்தை நிரப்பிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வேன். கத்தினால் சாப்பாடு வரும் என்று புரிய அவளுக்கு மூன்று நாள் போதுமாக இருந்தது, எனக்கு அதைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம்.

சரி, மாற்றிப் பார்ப்போம் என்று, படுக்கப் போகும் முன் கயிற்றை இழுத்து கால் மணி நேரம் விளையாட்டு, உடனே சாப்பாடு என்று வைத்தேன். துரத்து, பிடி, தின், நக்கிச் சுத்தம் செய், தூங்கு, பூனையின் வரிசை அதுதானே. விடிகாலையில் என்ன கத்தினாலும் அசையக் கூடாது என்றும் முடிவு. கத்தல் குறைவதற்கு முன் இன்னும் கூடும் என்று யாரும் சொல்லவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி என்பார்களே, கருத்தடை செய்த பூனை அப்படி அலைந்ததை அந்த வாரம்தான் பார்த்தேன். ஆறாவது நாள் தோற்றுப்போய் எழுந்து வைத்துவிட்டேன், எல்லாம் முதலிலிருந்து. இன்னும் பிடிவாதமாகக் கத்தினால் வரும் என்று அவள் சரியாகவே புரிந்துகொண்டாள்.

* * *

மேலே பஞ்சுவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரித்தேன், ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஆண்பூனைக்கு 14 வயது. அது வரை ராத்திரி என் கால்மாட்டில் கல் மாதிரி கிடப்பான். திடீரென்று நடுராத்திரி கூடத்தில் நின்று அடித்தொண்டையில் கத்த ஆரம்பித்தான், நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தான். வயதானால் அப்படித்தான் என்று இரண்டு மாதம் விட்டுவிட்டேன், இன்றும் உறுத்துகிறது. மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது, ரத்த அழுத்தமும் கூட. மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் பழையபடி கால்மாட்டுக்கு வந்துவிட்டான். குட்டியிலிருந்தே கத்துகிற பூனை வேறு, வயதான பின் புதிதாகக் கத்துகிற பூனை வேறு.

* * *

நான் மூன்றாவது ஆள், எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். ஒன்றுக்கு என் மடிக்கணினியின் விசைப்பலகைதான் மெத்தை. பாசம் என்று நினைத்தேன், சூடுதான் காரணம் போல. பூனையின் உடம்புச் சூடு 38, 39 டிகிரி செல்சியஸ், நமக்கு வியர்க்கிற 30 டிகிரிக்கு மேல்தான் அதற்கு இதமே. இன்னொன்று தூக்கத்தில் மீசை துடிக்க, பாதம் உதற, மெல்ல ஏதோ முனகும். கனவு காண்கிறதா என்று கேட்டால், 1959 வாக்கில் பிரான்சின் தூக்க ஆராய்ச்சியாளர் மிஷேல் ஜூவே பூனைகளை வைத்துத்தான், உடம்பு துவண்டு மூளை மட்டும் விழித்திருக்கும், கனவோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்தத் தூக்கத்தை விவரித்தார். தசைகளைத் தளர்த்தும் மூளைப் பகுதியைச் சேதப்படுத்தியபோது, அந்தப் பூனைகள் தூங்கிக்கொண்டே எழுந்து எதையோ பதுங்கித் தாக்கினவாம். படித்த நாளிலிருந்து அது உதறும்போது எழுப்புவதில்லை. பாவம், பிடிக்கப்போகிற நேரமாக இருக்கும்.

* * *

முதலில் எழுதியவன்தான். பஞ்சுவுக்கு ஏழு வயது, அவளையும் ஒரு தடவை மருத்துவரிடம் காட்டிவிடுகிறேன். அப்புறம், கடைசியில் நேரத்துக்குத் தானாகத் திறக்கும் தீனிப்பெட்டி வாங்கிவிட்டேன். ஐந்து மணிக்கு வைத்து, சில நாளுக்கு ஒருமுறை பத்து நிமிடம் தள்ளித் தள்ளி, இப்போது ஆறரை. நாலரைக்கு அவள் இன்னமும் எழுகிறாள், ஆனால் போய் உட்கார்வது பெட்டியின் முன்னால். நான் விழித்துப் படுத்திருக்கிறேன், யாரும் மூக்கில் தட்டுவதில்லை.