கருப்பட்டி பிராஜெக்ட்: வெற்றி அளவுகோல் எழுத யாராவது கைகொடுங்கள்

வணக்கம், நாங்கள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. மகள் கோயம்புத்தூரில் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) பள்ளியில் பத்தாவது. அங்கே நடுநிலைப் பாடத்திட்டமான எம்.ஒய்.பி.யின் கடைசி வருடம் என்பதால், மாணவரே தலைப்பைத் தேர்ந்தெடுத்துச் செய்யும் பெர்சனல் பிராஜெக்ட் செய்தாக வேண்டும். திட்டமிடல், திறன்களைப் பயன்படுத்துவது, திரும்பிப் பார்ப்பது என்று மூன்று பகுதிக்கும் தலா 8, மொத்தம் 24 மதிப்பெண். அறிக்கை 15 பக்கத்தைத் தாண்டக் கூடாது.

அவள் எடுத்திருப்பது கருப்பட்டி. பதநீர் இறக்குவது முதல் சிரட்டையில் ஊற்றி ஆறவைப்பது வரை கற்றுக்கொள்வது கற்றல் இலக்கு, தமிழிலும் மலையாளத்திலும் ஒரு சின்னக் கையேடு போடுவது படைப்பு இலக்கு. இதுவரை சரி. வெற்றி அளவுகோலில்தான், அதாவது படைப்பு நன்றாக வந்ததா என்று எதை வைத்துச் சொல்வது என்பதில்தான், மாட்டிக்கொண்டாள். "கையேடு அழகாகவும் பயனுள்ளதாகவும் இருக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தாள், வழிகாட்டும் ஆசிரியர் "இதை எப்படி அளப்பாய்?" என்று கேட்டுத் திருப்பிவிட்டார். கேள்வி நியாயம்தான்.

நேற்று எங்கள் பனையேறும் அண்ணனிடம் கேட்டோம். கலயத்தில் சுண்ணாம்பு சரியாகத் தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும், பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டால் கரையாமல் திரள வேண்டும், அதுதான் பதம் என்றார். எனக்கென்னவோ அவர் சொன்னதே நல்ல அளவுகோலாகத் தெரிகிறது! அப்புறம், கையேட்டை மட்டும் பார்த்து வேறொருவர் காய்ச்சிப் பார்ப்பதையும் ஒரு அளவுகோலாக வைக்கலாமா?

பிள்ளைகள் இதை முடித்தவர்கள் இருந்தால், மொத்தம் எத்தனை அளவுகோல் வைத்தீர்கள், கற்றல் இலக்குக்கும் தனியாக எழுதினீர்களா என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை திரும்பக் கொடுக்க வேண்டும்.