வீட்டுக்குள்ளே கிரானைட், மாடிப்படியில் ஒழுகல்: சேலம் ஹவுசிங் போர்டில் நீங்கள் கண்டது என்ன?

இரண்டாம் மாடி

கோரிமேடு பக்கம் ஹவுசிங் போர்டு எல்.ஐ.ஜி. (குறைந்த வருவாய்ப் பிரிவு) பிளாட்டில் இருக்கிறோம். கீழ்த்தளமும் மேலே இரண்டு மாடியும், மொத்தம் 12 வீடு. அப்பாவுக்குத் தவணையில் கிடைத்தது. அந்தக் காலத்தில் எங்கள் பிளாக்கில் கண்ணுக்குத் தெரிந்த வசதி வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: தவணையை முடித்துக் கிரயப் பத்திரம் வாங்கிவிட்டவர் யார், இன்னும் கட்டிக்கொண்டிருப்பவர் யார் என்பது. மற்றபடி எல்லார் வீட்டிலும் அதே சிவப்பு ஆக்சைடு தரை, கீழே வரிசையாகச் சைக்கிள்.

இப்போது வந்து பாருங்கள். ஒரு வீட்டில் கிரானைட் தரை, பொய்க்கூரை, சமையலறை முழுக்க மாடுலர் அலமாரி. பக்கத்து வீட்டில் அதே பழைய ஆக்சைடு. ஒரே சுவரின் இரண்டு பக்கம். பையன் பெங்களூரில் ஐ.டி. வேலை, பெண் வளைகுடாவில் நர்ஸ், அப்பாவின் ஓய்வூதியப் பணம் என்று காசு வந்த வழி வீட்டுக்கு வீடு வேறு. கடனும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. எங்கள் பிளாக்கில் நிற்கும் நான்கு கார்களில் மூன்று, மாதாமாதத் தவணையில் ஓடுகிறவை.

எனக்குப் பணம் வந்ததில் வருத்தமில்லை. மேட்டூர் தண்ணிக்குக் குடத்தோடு ராத்திரி விழித்திருந்தவர்கள் நன்றாக இருக்கட்டும். வந்த பணம் எல்லாம் வாசற்படிக்கு உள்ளேயே நின்றுவிட்டது, அதைத்தான் சொல்ல வருகிறேன். வாசலைத் தாண்டி ஒரு அடி வைத்தால் மாடிப்படியின் ஓரம் பெயர்ந்து கம்பி தெரிகிறது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை. 2006 தேர்தலுக்குப் பிறகு வந்த இலவச டிவி ஒன்று, யாருடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளாமல், அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் வெயிலில் காய்கிறது.

போன மழைக்காலத்தில் எதிர்வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சு வலி. 108-க்குச் சொன்னோம், சீக்கிரமே வந்துவிட்டார்கள். தெருமுனையோடு நின்றது வண்டி. இரண்டு பக்கமும் கார், நடுவில் ஆட்டோ போகும் அளவுக்குத்தான் இடம். ஸ்ட்ரெச்சரோ மாடிப்படித் திருப்பத்தில் திரும்பவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு கால் பிடித்து இறக்கினோம். அந்தப் பெயர்ந்த படியில் ஒருவர் கால் இடறி எல்லோரும் ஒருமுறை ஆடிவிட்டோம். முதலில் ஓடி வந்து நாற்காலியைத் தூக்கியவர், தெருவை அடைத்து நிறுத்தியிருந்த பெரிய எஸ்யூவியின் சொந்தக்காரர்தான். நல்ல மனிதர். பெரியவர் பிழைத்துக்கொண்டார். மறுவாரம் படியைச் சரிசெய்ய வீட்டுக்கு 1,500 ரூபாய் கேட்டுப் போனபோது அவர் சொன்னது: "நான் கீழ் வீடுங்க, படியே ஏறறதில்லையே." கோபமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார்.

விற்றுக் கொடுத்துவிட்ட பிளாட்டுக்கு வாரியம் வந்து வெள்ளையடிக்காது, அது குடியிருப்போர் பொறுப்பு. தெரியாதவர் யாருமில்லை. உங்கள் பக்கம் எப்படி என்று எழுதுங்கள்.

சிவதாபுரம் மருமகள்

கண்ணுக்குத் தெரிவதை வைத்து வசதியைக் கணக்குப் போடாதீர்கள் என்பதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது.

கல்யாணமான புதிதில் வாரியக் குடியிருப்பு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம் (அப்போது குடிசை மாற்று வாரியம், 2021-இல்தான் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள்). எதிர்வீட்டு அண்ணன் கொலுசு வேலை செய்பவர். முன்னறைதான் பட்டறை. அந்த வரிசையிலேயே அவர் வீட்டுக்குத்தான் கனமான இரும்புக் கிரில் கதவு, அதற்கு இரண்டு பூட்டு. உள்ளே ஒரு டிரங்குப் பெட்டி. தெருவில் எல்லோரும் "அவங்க வீட்டுல வெள்ளி கிலோக்கணக்குல கிடக்குது" என்று பேசுவார்கள். கிடந்தது உண்மைதான். ஒரு கிராம்கூட அவருடையது இல்லை.

வெள்ளி வியாபாரியுடையது. எடை போட்டுக் கொடுப்பார், இவர்கள் கம்பி இழுத்து, பற்றவைத்து, சலங்கை கோத்து, மெருகு போட்டு, எடை போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பேசிய சேதாரத்துக்கு மேல் குறைந்தால் கூலியில் பிடித்தம். அதனால் அந்த அக்கா வீடு கூட்டிய குப்பையை வெளியே கொட்டவே மாட்டார், அதிலும் வெள்ளித் தூள் இருக்கும். கிரில் கதவு போட்டது கடன் வாங்கி. ஊரார் பொருளைக் காக்கப் போட்ட கதவு, தெருவுக்குப் பணக்கார அடையாளம் ஆகிவிட்டது! கோயில் வசூலுக்கு வந்தவர்களும் அந்தக் கதவைப் பார்த்துத்தான் தொகை சொல்வார்கள். அண்ணன் மறுக்காமல் கொடுத்துவிடுவார். வசதியில்லை என்று வெளியில் சொன்னால் வியாபாரிக்கு நம்பிக்கை போய்விடுமாம்.

வெள்ளி விலை ஏறினால் கொலுசுக்காரர்களுக்குக் கொண்டாட்டம் என்று சிலர் நினைக்கிறார்கள். கூலிக்குச் செய்பவருக்கு அதில் என்ன வருகிறது? விலை ஏறினால் கொலுசு வாங்குவது குறையும், பட்டறைக்கு வரும் வேலையும் குறையும்.

ரேஷன் வரிசை

கார் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வரிசையில் ஒரு காரால் வந்த வினையைச் சொல்கிறேன்.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியது, மாதம் 1,000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது, சொந்தப் பயன்பாட்டுக்குக் கார் இருக்கக் கூடாது என்றெல்லாம் விதி. எங்கள் வரிசையில் காலையில் இட்லி சுட்டு விற்கும் அக்கா விண்ணப்பித்தார். மகன் வெளியூரில் வேலை. பழைய மாருதி ஒன்றைக் கடனில் வாங்கி, அங்கே நிறுத்த இடமில்லாமல் அம்மா வீட்டு வாசலில் விட்டுப் போயிருந்தான். பெயர் அதே ரேஷன் கார்டில். விண்ணப்பம் தள்ளுபடி.

விதிப்படி சரிதான், நான் குறை சொல்லவில்லை. மனசு கஷ்டப்பட்டது பேச்சைக் கேட்டுத்தான். "காரும் வேணும், ஆயிரமும் வேணுமா?" என்று குழாயடியில் அவர் காதுபடவே சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவருக்கு வாடகைக்கு விட்ட வீடு இரண்டு, எல்லாம் மாமியார் பெயரில், தனிக் கார்டு. அவருக்கு மாதாமாதம் பணம் வருகிறது. வாசலில் எதையும் நிறுத்தாதவர் ஏழை, நிறுத்தியவர் பணக்காரர். கள ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்ற அன்றைக்கு அந்த அக்கா என்னிடம், "இந்த வண்டியக் கொஞ்சம் உங்க பக்கம் தள்ளி விட்டுக்கலாமா கண்ணு?" என்று கேட்டார். பேட்டரி செத்த வண்டி. தள்ளிப் பார்த்தோம், நகரவில்லை.

ஈசூன் முன்னாள்

சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது ஈசூனில் ஒரு வீ.வ.க. (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். அந்தக் கழகத்தை 1960-இல் தொடங்கினார்கள். குடியிருப்பாளர்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் பேர் அந்த அடுக்குமாடிகளில்தான். அதனால் நம் ஊர்போல 'போர்டு வீட்டுக்காரன்' என்று ஒருவரைத் தரம் பிரிக்க முடியாது. கார் நிறுத்துமிடத்தில் பென்ஸும் பி.எம்.டபிள்யூவும் சாதாரணமாக நிற்கும். அந்த ஊரில் கார் வைத்திருக்கவே தனி உரிமைச் சான்றிதழ் ஏலத்தில் எடுக்க வேண்டும், 10 ஆண்டுதான் செல்லும். சில ஏலங்களில் அது மட்டுமே 1 லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியிருக்கிறது. வண்டி விலை தனி! அப்படிப்பட்ட வண்டியிலிருந்து இறங்குபவரும், கீழ்த்தளத்தில் அட்டைப்பெட்டி சேகரிக்கும் பாட்டியும் ஒரே லிஃப்டில் ஏறுவார்கள்.

இரண்டாம் மாடிக்காரர் சொன்னதற்கு நேர் எதிர் அங்கே. நான் அறை எடுத்த வீட்டுக்குள் பழைய தரை, பழைய சோபா. வெளி நடைபாதையோ பளபள. ஒவ்வொரு வீட்டிடமும் நகர மன்றம் மாதக் கட்டணம் வாங்கிவிடும். கீழ் வீடு, மேல் வீடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாம் மாடி

ஈசூன் நண்பரே, அங்கே வாங்குவதற்கு ஒரு மன்றம் இருக்கிறது. இங்கே நான் போய்க் கதவைத் தட்ட வேண்டும், கதவைத் திறப்பவர் என் பள்ளித் தோழனின் அம்மா. எப்படிக் கறாராகக் கேட்பது?

பி பிளாக் செயலாளர்

எங்கள் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வேறு பேட்டை, அதே சேலம்.

கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்று ஒரு பில்டர் வந்தார். 2022-இல் போட்ட அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் போதும். கூட்டம் போட்டோம். நான் எதிர்பார்த்தது, வசதியானவர்கள் ஆமாம் என்பார்கள், வயதானவர்கள் பயப்படுவார்கள் என்று. தலைகீழாக நடந்தது. உள்ளே 8 லட்சம், 10 லட்சம் போட்டு இழைத்தவர்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "போட்ட காசு என்னாகும்?" ஒரு பைசா செலவழிக்காமல் அதே பழைய கதவோடு இருந்த ஓய்வுபெற்ற ஸ்டீல் பிளான்ட்காரர் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

அவர் சொன்ன கணக்கு யாருக்கும் பிடிக்கவில்லை, ஆனால் தப்பில்லை. பத்திரத்தில் பிரிபடாத பாகம், அதாவது மொத்த நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பங்கு, எல்லோருக்கும் ஒரே அளவு. கிரானைட் போட்டவருக்கு ஒரு சதுர அடி கூடாது, ஆக்சைடு தரைக்காரருக்கு ஒரு சதுர அடி குறையாது. இடிக்கும்போது பொய்க்கூரைக்கு மதிப்பு பூஜ்யம். அதாவது அந்த பிளாக்கில் உண்மையான சொத்து காலுக்கடியில் இருக்கும் மண்தான், அது எல்லோருக்கும் சமமாக இருக்கிறது, யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதைச் சொன்னதும் இரண்டு வீட்டார் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். கையெழுத்து மூன்றில் இரண்டு பங்கைத் தொடவில்லை. வாடகைக்கு இருப்பவர்களை யாரும் கேட்கவும் இல்லை. அவர்கள்தான் அந்தப் படியில் அதிகம் ஏறி இறங்குகிறவர்கள்.

ஏற்காடு அடிவாரம்

உடனடியாகப் பயன்படக்கூடிய ஒரு விஷயம். பொது மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் தனி மீட்டர்தானே? வீட்டு இணைப்புக்கு 2016-இலிருந்து கிடைக்கும் 100 யூனிட் இலவசம் அதற்குக் கிடையாது. ஏ.சி. ஓடும் வீட்டுக்கு உண்டு, எல்லோருக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு இல்லை! ஆனால் 10 வீட்டுக்கு மேல் போகாத, மூன்று மாடிக்குள் இருக்கிற, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்குப் பொதுப் பயன்பாட்டுக் கட்டணத்தை யூனிட்டுக்கு 8 ரூபாயிலிருந்து 5 ரூபாய் 50 காசாகக் குறைப்பதாக 2023-இல் அறிவித்தார்கள். எங்களுடையது 8 வீடு, எழுதிக் கொடுத்து மாற்றிக்கொண்டோம். உங்கள் பில்லில் என்ன கட்டண வகை போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

வசூலுக்கு ஒரு யோசனை. ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகைக்கு இதே ஆட்கள் 5,000, 10,000 கொடுக்கிறார்களா இல்லையா? ஏன்? மைக்கில் பேர் வாசிக்கிறார்கள். மோட்டாருக்குக் கொடுத்தால் யார் வாசிக்கிறார்கள்?

இரண்டாம் மாடி

நன்றி அடிவாரத்தாரே. எங்களுடையது 12 வீடு, அந்தக் குறைப்பு பொருந்தாது. பில்லை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

மைக் யோசனையைத்தான் செய்து பார்த்தோம். மைக் வைக்கவில்லை, மாடிப்படி முதல் திருப்பத்தில் ஒரு கரும்பலகை மாட்டினோம். மேலே இந்த மாத மோட்டார் பில் தொகை, கீழே வீட்டு எண், கொடுத்த தொகை, தேதி. கொடுக்காதவர் எண்ணுக்கு எதிரில் எதுவும் எழுதுவதில்லை, வெறுமனே விட்டுவிடுவோம். யாரையும் குறை சொன்ன மாதிரி இருக்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எஸ்யூவிக்காரர் படியே ஏறாதவர் அல்லவா, பலகையை எப்படிப் பார்ப்பார் என்று சிரித்தோம். அவர் மனைவி மொட்டை மாடியில் வடகம் காயவைக்க ஏறும்போது பார்த்திருக்கிறார். அன்று சாயங்காலமே பழைய பாக்கியோடு சேர்த்துக் கொடுத்தனுப்பினார். இப்போது மூன்று வீடு பாக்கி. ஒன்று பூட்டிக் கிடக்கிறது, உரிமையாளர் கனடாவில், வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் வருகிறது. இன்னொன்றில் வாடகைக்காரர், "ஓனரைக் கேளுங்க" என்கிறார். மூன்றாவது வீட்டுக்காரருக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. அவர் வீட்டு வாசலில்தான் போன வருடம் வாங்கிய புது கார் நிற்கிறது. அவர் பங்கை இப்போதைக்குக் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். படிக்கு மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.