கோன் கழல மாட்டேன் என்கிறது, அவசரம்

பூப்பாறை வண்டி (இரவு 8.50)
பைக்கில் ஹேண்டில் திரும்புகிற பேரிங், அதாவது கோன்செட், மாற்றலாம் என்று பிரித்தேன், பாதியில் நிற்கிறது. எண்ணெய் விட்டேன், தட்டினேன், கோன் அசையவே இல்லை. விடிந்தால் போடியிலிருந்து மேலே ஏலத் தோட்டத்துக்குப் போயாக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கண்ணே.

குமுளி ஸ்பானர்
எந்த வண்டி தம்பி? எந்தக் கோன்? ஃபிரேமுக்குள் இருக்கிற கப்பா, ஃபோர்க்கைப் பிடிக்கிற கீழ் டி-யின் தண்டில் உட்கார்ந்திருக்கிற கோனா? இரண்டுக்கும் வழி வேறு.

கம்பம் 350
முதலில் ஏன் பிரித்தீர்கள்? பிரேக் பிடித்தால் முன்னால் ‘டக்’ என்றதா? என் வண்டியில் அதே சத்தம். கோன்செட் மாற்றியும் போகவில்லை, கடைசியில் ஃபோர்க்குக்குள் (முன் ஷாக்) இருக்கிற புஷ்தான். எதற்கும் ஃபோர்க்கைப் பாருங்கள்.

பூப்பாறை வண்டி
ஸ்ப்ளெண்டர், 2009. கீழ்க் கோன், தண்டில் இருப்பது. ஹேண்டில் நேராக வரும்போது பள்ளத்தில் விழுந்த மாதிரி நிற்கிறது.

பழைய பட்டறை
நேராக வரும்போது பிடித்தால் அது கோன்செட்தான், புஷ் பேச்சே வேண்டாம். வண்டி பேரைச் சொல்லாமல் அவசரம் என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்? உங்களைப் போன்றவர்கள் பிரித்துப்போட்டு, சாக்கில் கட்டி என்னிடம் கொண்டுவருவது வழக்கம்தான். சரி, கேளுங்கள். கோனுக்கும் டி-க்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் உளி வையுங்கள். ஒரே இடத்தில் அடித்தால் கோன் சாய்ந்து தண்டைக் கவ்விக்கொள்ளும். எதிரெதிராகச் சுற்றிச் சுற்றி, மெல்லத் தட்டி ஏற்ற வேண்டும். அடியில் இருக்கிற தூசி வாஷர் நசுங்கிவிடும், புதிது வாங்கி வையுங்கள். புதுக் கோனை இறக்கும்போது பால்ரஸ் (இரும்புக் குண்டுகள்) ஓடுகிற தடத்தில் அடி விழவே கூடாது. தண்டு உள்ளே நுழைகிற அளவில் ஒரு பைப்பை வைத்து, கோனின் உள்விளிம்பில் மட்டும் அடியுங்கள்.

குமுளி ஸ்பானர்
ஃபிரேமில் இருக்கிற கப் இரண்டையும் மறக்காதீர்கள், பழைய கப்பில் புதுக் கோன் நிற்காது. கப்பில் உளி வைக்க விளிம்பு இல்லையென்றால் வெல்டிங் பட்டறையில் உள்சுவரில் ஒரு கோடு பற்ற வைப்பார்கள். ஆறும்போது கப் சுருங்கி லேசாக வந்துவிடும். பெட்ரோல் டாங்கைக் கழற்றி தூரமாக வைத்துவிட்டு, பேட்டரி ஒயரையும் எடுத்துவிட்டு.

கம்பம் 350
போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. தினமும் ஏறி இறங்கினால் எந்தக் கோன்செட் தாங்கும்? குண்டுக்குப் பதில் உருளை இருக்கிற டேப்பர் பேரிங் போட்டுவிடுங்கள்.

குமுளி ஸ்பானர்
வளைவா காரணம்? அப்படியென்றால் கோன் சுற்றிலும் தேய்ந்திருக்க வேண்டுமே! ஹேண்டில் நேராக இருக்கும்போதுதான் பிடிக்கிறது. நேர் ரோட்டுக் குழியும், இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்தபடி குழியில் இறங்குவதும்தான் தடம் போடுகிறது. இடிக்கு டேப்பர் நன்றாகத் தாங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை இறுக்கிவிட்டால் வண்டி மெதுவாகப் போகும்போது இப்படியும் அப்படியும் அலையும். மழையில் மலையிறங்குகிறவருக்கு அது வேண்டாம்.

கம்பம் 350
மூன்று வருடமாக டேப்பரில்தான் குமுளி ஏறுகிறேன். ஒரு அலையும் இல்லை.

பழைய பட்டறை
அளவாக இறுக்கினால் இரண்டும் ஓடும். நட்டை இறுக்கி, ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் ஐந்தாறு தடவை திருப்பி, தளர்த்தி, ஆட்டம் போகிற அளவுக்கு மட்டும் மறுபடி பிடியுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து லேசாகத் தொட்டால் ஹேண்டில் தானாக ஒருபக்கம் விழ வேண்டும். ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஆடக் கூடாது.

பூப்பாறை வண்டி (இரவு 11.35)
வந்துவிட்டதண்ணே. கோனின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் மிளகை வைத்து அழுத்திய மாதிரி வரிசையாகக் குழி, நகம் நிற்கிறது. கப்பும் அப்படியே. காலையில் கடை திறந்ததும் முழு செட் வாங்குகிறேன், மேலே பஸ்ஸில் போய்க்கொள்கிறேன்.

குமுளி ஸ்பானர்
நல்லது. கிரீஸை நிறைய அப்பி அதில் பால்ரஸை ஒட்ட வையுங்கள், கீழே சிந்தாது. 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பிரிக்கும்போது மேலே எத்தனை பால்ரஸ், கீழே எத்தனை என்று எண்ணி வைத்தீர்களா?

குமுளி ஸ்பானர் (மறுநாள் மாலை)
தம்பி, எண்ணினீர்களா?