62,000 ஓடிய 520டி: கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
நேற்று பம்பலப்பிட்டித் தம்பி ஒரு கேள்வி கேட்டிருந்தார். 2012ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ 520டி, இங்கிலாந்தில் ஓடி 2014இல் இங்கே இலங்கைக்கு வந்தது, மீற்றரில் 62,000, வாங்கலாமா என்று. அதற்கு காலிவீதி அண்ணன் கொடுத்த பதில்: "62,000தானே, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. விசாரித்துக்கொண்டே இருந்தால் வேறு ஒருவன் கொண்டுபோய்விடுவான்." இதை வாசித்துவிட்டு எனக்கு நித்திரை வரவில்லை. ஒரு கோடிக்கு மேல் கொட்டப்போகிற பிள்ளைக்குச் சொல்கிற புத்தியா இது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். 62,000 என்ன? மைலா, கிலோமீற்றரா? இங்கிலாந்து வண்டியின் மீற்றரில் பெரிய எழுத்தில் இருப்பது மைல். மைல் என்றால் கிட்டத்தட்ட ஒரு லட்சம் கிலோமீற்றர். தம்பி போட்ட படத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய எழுத்து சரியாக வெட்டுப்பட்டிருக்கிறது. அது தற்செயலா?

காலிவீதி:
வந்துவிட்டார். தம்பி, நான் இந்தக் கொழும்பில் முப்பது வருடமாக வாகனம் பார்க்கிறேன். 62,000 என்றால் 62,000தான். மீற்றரில் இருப்பதை வாசிக்க எனக்குத் தெரியும். நீங்கள் எல்லாவற்றிலும் கள்ளன் தேடுகிற ஆள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் ஐந்து வருடம் இருந்த வண்டிகளே திரும்பத் திரும்பக் கைமாறின. அந்த நேரம் நல்ல வண்டி சந்தைக்கு வந்தால் மாலைக்குள் போய்விடும். அந்த அனுபவத்தில் சொன்னேன்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
முப்பது வருடக் கணக்கை நான் கேட்கவில்லை. மைலா கிலோமீற்றரா?

கிரவுண் பிரியன்:
இந்தத் தலைவலி எதற்கு? டொயோட்டா கிரவுண் ஹைபிரிட் ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியின் நிலைக்குப் புள்ளி போட்ட ஜப்பான் ஏலத் தாள் கையில் இருக்கும், கிரேட் 4.5 என்று போட்டிருந்தால் முடிந்தது. பாகம் வேண்டுமென்றால் பஞ்சிகாவத்தையில் நாலு கடை ஏறி இறங்கினால் கிடைக்கும். ஜெர்மன் வண்டிக்கு ஒரு சென்சர் வாங்கப் போனாலே பாதிச் சம்பளம் போய்விடும்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
ஏலத் தாளையும் கணினியில் திருத்தி அச்சடிக்கிறார்கள், ஐயா. சேஸி இலக்கத்தைக் கொடுத்து மூலப் பதிவை எடுத்துப் பார்த்தீர்களா? கிரேட் ஆர் என்று இருந்த வண்டி, இங்கே இறங்கும்போது 4 ஆகிவிடும். ஆர் என்றால் அடிபட்டுத் திருத்திய வண்டி. ஆனால் கேள்வி கிரவுண் இல்லை. தம்பிக்கு 520டி பிடித்திருக்கிறது. அது அவருடைய ஆசை, அவருடைய காசு.

பம்பலப்பிட்டித் தம்பி:
அண்ணாமார், சண்டை வேண்டாம். சேர்விஸ் புத்தகத்தின் படம் இன்று வந்தது. கடைசி முத்திரை 2016இல், 57,800 என்று இருக்கிறது. பக்கத்தில் மைல் என்றோ கிலோமீற்றர் என்றோ எழுதவில்லை. அதற்குப் பிறகு பக்கங்கள் வெறுமை. வெளியே ஒரு கராஜில் செய்தோம் என்கிறார்கள், பில் இல்லை.

காலிவீதி:
பாருங்கள். 2016இல் 57,800, இன்றைக்கு 62,000. அழகாகப் பொருந்துகிறது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

கொட்டாஞ்சேனைக்காரன்:
பொருந்துகிறதா? அண்ணன், கூட்டிக் கழித்துப் பாருங்கள். 2016இலிருந்து 2025 வரை ஒன்பது வருடம். ஓடியது 4,200. வருடத்துக்கு 470கூட இல்லை. நாளுக்கு ஒன்றேகால் கிலோமீற்றர். பக்கத்துச் சந்திக்குப் பாண் வாங்கப் போய்வருகிற தூரம். 520டி வாங்கியவன் ஒன்பது வருடம் பாண் வாங்கத்தான் அதை எடுத்தானா? அந்த 57,800 மைல் என்றால் 2016லேயே 93,000 கிலோமீற்றர். அப்போது இன்றைய 62,000 எங்கிருந்து வந்தது?

காலிவீதி:
கொவிட் ஊரடங்கு மறந்துவிட்டதா? 2022இல் எரிபொருள் வரிசை மறந்துவிட்டதா? எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீடு வந்த பிறகு காருக்கு வாரம் 20 லீற்றர். யார் ஓடினார்கள்? என்னுடைய வண்டியே மாதக்கணக்கில் கவர் போட்டு நின்றது. ஓடாத வண்டி ஓடாமல்தான் இருக்கும். 62,000 உண்மையாக இருக்க நூறு காரணம் இருக்கிறது.

கொட்டாஞ்சேனைக்காரன்:
சரி, நின்றது என்றே வைப்போம். அப்படியானால் அது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய வண்டி. டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. நல்ல வேகத்தில், நல்ல சூட்டில் தொடர்ந்து ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து போகும். கொழும்பின் காலி வீதி நெரிசலில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓடினால் அடைத்துக்கொள்ளும். நின்ற வண்டியில் றப்பர் காய்ந்து வெடிக்கும், பற்றரி செத்துப்போகும். தெற்கு அதிவேக வீதியில் வாராவாரம் காலிக்குப் போய் 150,000 ஓடிய வண்டியை, கொழும்புக்குள் உருண்ட 62,000 வண்டியைவிட நான் நம்புவேன்.

அதற்கு மேல் இயந்திரத்தின் விடயம். 2012 520டியில் இருப்பது என்47. 2014இல்தான் பி47க்கு மாறினார்கள். என்47இன் டைமிங் செயின், அதாவது இயந்திரத்துக்குள் வால்வுகளை நேரத்துக்கு இயக்குகிற சங்கிலி, பின்பக்கம், கியர்பொக்ஸ் பக்கம் இருக்கிறது. அது தேய்ந்தால் வெளியில் தெரியாது, சத்தம் மட்டும் வரும். அறுந்தால் இயந்திரமே போய்விடும். மாற்றுவதென்றால் கியர்பொக்ஸைக் கழற்ற வேண்டும், அல்லது இயந்திரத்தையே இறக்க வேண்டும். தம்பி, காலை ஆறு மணிக்குப் போ. பொனட்டில் கை வை. குளிர்ந்திருக்க வேண்டும். நீ வருகிறாய் என்று முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் திரும்பி வந்துவிடு. குளிர் இயந்திரத்தை ஸ்டார்ட் செய்யும்போது பின்பக்கத்தில் சங்கிலி உரசுகிற சத்தம் கேட்கிறதா என்று பார்.

வத்தளை அக்கா:
இதற்கு இவ்வளவு கதை தேவையில்லை. இங்கிலாந்தில் வண்டிகளுக்கு வருடாவருடம் எம்ஓடி சோதனை நடக்கும். பழைய பதிவு இலக்கத்தைப் போட்டால் ஒவ்வொரு சோதனையிலும் மீற்றர் எவ்வளவு என்று இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். என் தம்பி லண்டனில் இருக்கிறான், அவன் எனக்குப் பார்த்துத் தந்தான். ஐந்து நிமிட வேலை.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அக்கா, அந்தச் சோதனை வண்டிக்கு மூன்று வயது ஆன பிறகுதான் தொடங்கும். இது 2012 வண்டி, 2014இல் இங்கே வந்துவிட்டது. அங்கே பதிவே இருக்காது.

வத்தளை அக்கா:
நான் பார்த்தேன் என்கிறேன், நீங்கள் இருக்காது என்கிறீர்கள். பெண் சொன்னால் வாகன விடயம் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டீர்கள் போல. என்னுடைய வண்டிக்குப் பதிவு இருந்தது. அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
உங்கள் வண்டி மூன்று வயதுக்குப் பிறகு வந்திருக்கும், அக்கா. பெண், ஆண் என்று நான் எங்கே எழுதினேன்?

கிரவுண் பிரியன்:
அக்கா சொன்னதில் பிழை இல்லை. இவருக்கு யார் சொன்னாலும் பிழைதான். கிரவுணையும் இப்படித்தான் தட்டிவிட்டார்.

காலிவீதி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். அவர் ஒருவர்தான் வண்டி பார்த்தவர், மற்றவர்கள் எல்லாம் மாட்டு வண்டி ஓட்டினவர்கள். 62,000 ஓடிய வண்டி இன்றைக்குச் சந்தையில் கிடைப்பதே அருமை. தம்பி, முற்பணத்தைக் கட்டு.

கொட்டாஞ்சேனைக்காரன்:
கட்டாதே, தம்பி. நான் ஏன் இப்படிக் கத்துகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு 520டி வாங்கினேன். மீற்றரில் 71,000. விற்றவர் யார் என்று எழுதமாட்டேன். ஸ்டியரிங் தோல் புதிது, உள்ளே நல்ல வாசம். பிரேக் மிதியில் புத்தம்புது றப்பர். பக்கத்தில் அக்ஸிலேட்டர் மிதி மட்டும் ஓரம் தேய்ந்து கண்ணாடி மாதிரி மினுங்கியது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் ஆசையில் விட்டுவிட்டேன். 71,000 என்ற எண் என் கண்ணை மறைத்துவிட்டது.

எட்டு மாதம் கழித்து கியர் மாறும்போது உதறல். கராஜில் கேட்ட முதல் கேள்வி: இரண்டாவது சாவி இருக்கிறதா? அலுமாரிக்குள் கிடந்தது, நான் ஒருநாளும் பாவிக்கவில்லை. பிஎம்டபிள்யூ சாவிக்குள் சின்ன நினைவகம் ஒன்று இருக்கிறது. அந்தச் சாவியில் வண்டி ஓடும்போது மீற்றர் கணக்கும் சேஸி இலக்கமும் அதில் பதியும். மீற்றரைக் குறைக்கிறவன் மீற்றர் பெட்டியை மாற்றுவான், அதோடு ஒத்துப்போக வேண்டிய மற்றப் பெட்டியையும் மாற்றுவான். அலுமாரிக்குள் கிடக்கிற சாவி அவன் கைக்கு வராது. கராஜ் பாஸ் அந்தச் சாவியைக் கருவியில் செருகினார். திரையில் 138,000. நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவிக்கு எப்படிச் சொல்வதென்று வீட்டுக்குப் போகாமல் முகத்துவாரக் கடற்கரையில் இரவு வரைக்கும் நின்றேன்.

கியர்பொக்ஸ் எண்ணெய் ஒருநாளும் மாற்றப்படவில்லை. ஆயுள் முழுக்கப் போதும் என்று பிஎம்டபிள்யூ சொல்கிறது. கியர்பொக்ஸைச் செய்த இசட்எஃப் கம்பனியே 80,000இலிருந்து 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது. 71,000 என்று நம்பி நான் இன்னும் நேரம் இருக்கிறது என்று இருந்தேன். அதனால்தான் கேட்கிறேன், 62,000 என்ன, யார் எழுதியது, எங்கே பதிந்திருக்கிறது?

காலிவீதி:
நீங்கள் ஏமாந்ததற்கு ஊர் முழுக்கக் கள்ளரா? உங்கள் 71,000 வேறு, இந்த 62,000 வேறு.

பம்பலப்பிட்டித் தம்பி:
கொட்டாஞ்சேனை அண்ணா, ரயரையும் பார்க்கச் சொல்லி ஒருவர் தனியாக எழுதினார். அதில் எதைப் பார்ப்பது?

கொட்டாஞ்சேனைக்காரன்:
ரயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். ஒன்பது வருடத்தில் 4,200 ஓடிய வண்டிக்குப் புது ரயர் ஏன் என்று கேள். தேய்ந்து மாற்றினோம் என்றால், 4,200இல் ரயர் தேயுமா? வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தையும் பார். லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடனை முடித்து அவர்கள் விடுவித்த கடிதம் வரும்வரைக்கும் ஒரு சதமும் கொடுக்காதே. எல்லாவற்றுக்கும் முதல், இரண்டு சாவியும் கேள்.

கிரவுண் பிரியன்:
கிரவுணுக்கு இந்தச் சாவிப் பிரச்சினை கிடையாது.

வத்தளை அக்கா:
எம்ஓடி பதிவு இருந்தது என்று நான் சொன்னதற்கு இன்னும் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பம்பலப்பிட்டித் தம்பி:
இப்போதுதான் உரிமையாளரோடு பேசினேன். ஒரு சாவிதான் இருக்கிறதாம். மற்றது வீடு மாறும்போது தொலைந்துவிட்டதாம். நாளை பின்னேரத்துக்குள் முற்பணம் தராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம்.

காலிவீதி:
சாவி எல்லாருக்கும் தொலையும். என்னுடையதும் தொலைந்தது. அதற்காக நான் கள்ளனா? 62,000 ஓடிய வண்டியை ஒரு சாவிக்காக விடாதே, தம்பி.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அண்ணன், என் மச்சானுக்கு நீங்கள் பார்த்துக் கொடுத்த டொயோட்டா அலியனுக்கும் இரண்டாவது சாவி வீடு மாறும்போதுதான் தொலைந்தது. இரண்டு வருடமாகிறது, தேடித் தருகிறேன் என்றீர்கள்.