ஹெச்எஸ்ஏ (ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்ட், மருத்துவச் செலவுக்கு டாக்ஸ் சலுகையோட காசு சேர்க்குற கணக்கு) பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம் மக்களே. நியூ ஜெர்சில இருக்கேன். போன டிசம்பர்ல வேலை போச்சு, கூடவே ஆபீஸ் இன்சூரன்ஸும் போச்சு. இப்போ மார்க்கெட்பிளேஸ்ல (தனியாளுங்க இன்சூரன்ஸ் வாங்குற அரசு சைட்) சில்வர் பிளான் கட்டுப்படியாகாம, பிரீமியம் கம்மியான ப்ரான்ஸ் பிளான் எடுத்திருக்கோம். 2025 ஜூலைல வந்த சட்டப்படி 2026 ஜனவரி 1லேர்ந்து அங்க வாங்குற ப்ரான்ஸ் பிளானுக்கெல்லாம் ஹெச்எஸ்ஏ போடலாம்னு ஆயிடுச்சு, முன்னாடி நிறைய பிளானுக்கு தகுதியே இல்லன்னு அலைய விடுவாங்க, அந்த வரைக்கும் சந்தோஷம்.

சந்தேகம் என்னன்னா, பொண்ணுக்கு 23 வயசு, ஒபாமாகேர் (2010ல வந்த ஹெல்த் இன்சூரன்ஸ் சட்டம்) புண்ணியத்துல 26 வரைக்கும் எங்க பிளான்லயே இருக்கலாம், ஆனா அவ சம்பாதிக்கிறா, டாக்ஸ்ல எங்க டிபெண்டன்ட் இல்ல, அதனால அவ பில்ல என் ஹெச்எஸ்ஏலேர்ந்து கட்டக்கூடாதாம். அவளே தனியா ஒண்ணு திறந்து ஃபேமிலி பிளானுக்கு 2026ல போடக்கூடிய லிமிட் 8,750 டாலர் முழுசா போடலாம்னு ஃப்ரெண்டு சொல்றான். யாராவது அப்படி செஞ்சிருக்கீங்களா?

இன்னொண்ணு, அன்எம்ப்ளாய்மென்ட் காசு வாங்குற வரைக்கும் பிரீமியத்தையே ஹெச்எஸ்ஏலேர்ந்து கட்டலாம்ங்கறாங்க, அதுக்கு என்னென்ன பேப்பர் எடுத்து வைக்கணும்? தப்பா எடுத்தா 20% அபராதம், அந்த 2010 ஒபாமாகேர் சட்டத்துக்கு முன்னாடி 10%தான் இருந்துச்சு, அதான் பயமா இருக்கு.

நம்ம ஸ்டேட் டாக்ஸ்ல ஹெச்எஸ்ஏக்கு சலுகையே கிடையாது (கொடுமை), அத சாஃப்ட்வேர்ல எங்க காட்டுறதுன்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.